பிரிந்து வாழும் பெற்றோரும் குழந்தையின் தடுப்பூசியும்: புதுச்சேரி, கடலூர் குடும்ப நீதிமன்றங்களை அணுகுவோருக்கு

என் மகளுக்கு ஒன்பதாம் மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி, அவளுடைய இருபதாம் மாதத்தில்தான் போடப்பட்டது. இடையில் போன பதினொரு மாதங்களில் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய மூன்று மாதம் மட்டுமே. மற்றவை, எந்த மனுவை எந்த ஊரில் கொடுப்பது, அதனோடு எந்தத் தாளை இணைப்பது என்று எனக்கும் எனக்கு முதலில் வாய்த்த வழக்கறிஞருக்கும் தெளிவில்லாமல் போனதால் கழிந்தவை. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். என் மனைவியும் மகளும் புதுச்சேரியில் மனைவியின் தாய்வீட்டில் இருக்கிறார்கள். அங்கே ஊசி போட மறுத்ததால்தான் நான் நீதிமன்றத்துக்குப் போனேன். இதே நிலையில் இருக்கும் தாயோ தந்தையோ அந்த மாதங்களை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். நடந்து பார்த்து அறிந்ததை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாய் கடித்தாலோ, துருப்பிடித்த இரும்பு ஆழமாகக் கிழித்தாலோ, அந்த நேரத்தில் குழந்தையை வைத்திருப்பவர் எவராயினும் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி நீதிமன்ற உத்தரவுக்கோ மற்றவரின் சம்மதத்துக்கோ காத்திருக்கக் கூடியதன்று. கீழே உள்ள படிகள் எல்லாம் அட்டவணைப்படி போடும் தடுப்பூசிகளுக்கு மட்டுமே உரியவை.

1. மறுப்பின் காரணத்தை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆறாவது வாரத்தில் ஊசி போட்ட பிறகு என் மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. தொடையில் கட்டி போல வீங்கியது. அப்போது நான் கடலூரில் வேலையில் இருந்தேன். பின்னாளில் இதைப் பற்றிப் பேசப் போனபோது என் மாமியார், "மாப்பிள்ளே, அந்த ராத்திரி நீங்க இல்ல, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தவ நான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுடைய மறுப்பு பிடிவாதத்திலிருந்து வரவில்லை, அந்த இரவிலிருந்து வந்தது என்பதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

காரணம் தெரிந்தால்தான் அதற்கேற்ற மருத்துவரிடம் போக முடியும். ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலும் வீக்கமும் அடுத்த தவணையை நிறுத்துவதற்கான காரணங்கள் அல்ல. சாதாரணச் சளியும் அல்ல. ஆனால் முந்தைய தவணைக்குப் பின் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு இருந்தாலோ, அதைக் குழந்தை மருத்துவர் ஒருவர் கட்டாயம் ஆராய வேண்டும். மறுப்பவர் சொல்வதில் உண்மையான மருத்துவக் காரணம் இருக்கவும் கூடும். அப்படியிருந்தால் வழக்கே தேவையில்லை. இருவரும் சேர்ந்து ஒரு குழந்தை மருத்துவரைப் பார்க்கலாம் என்று ஒருமுறையாவது எழுத்து மூலம் அழைத்துவிடுங்கள். அவர் வந்தால் காரியம் முடிந்தது. வராவிட்டால், நீங்கள் அழைத்ததற்கான சான்று கையில் இருக்கும்.

2. வயது வரம்பைக் கணக்கிடுங்கள்

அரசின் அட்டவணையில் உள்ள தடுப்பூசிகளில் சில, வயது கடந்துவிட்டால் போடப்படுவதில்லை. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஒரு வயது வரைதான். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். தட்டம்மை–ரூபெல்லாவை ஐந்து வயது வரையும், டி.பி.டி. எனப்படும் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி முத்தடுப்பூசியை ஏழு வயது வரையும் போட இடமுண்டு. ஆகவே எந்தத் தவணைக்கு அவசரம், எதற்குச் சற்றுப் பொறுக்கலாம் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீதிபதி இடைக்கால உத்தரவு தருவதற்கு அடிப்படையே அந்தத் தாள்தான்.

தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ஊசியின் இரு தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி நாடு முழுவதற்குமான பட்டியலில் இல்லை. நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டுமே போடப்படுகிறது. கடலூர் அவற்றில் ஒன்று. குழந்தை இரு ஊர்களுக்கும் போய் வருமானால் இதையும் மருத்துவ அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எந்த ஊர் நீதிமன்றம் என்பதை முடிவு செய்யுங்கள்

நான் நான்கு மாதத்தை இழந்தது இந்தப் படியில்தான். திருமணம் கடலூரில் நடந்தது, நானும் கடலூரில் இருக்கிறேன் என்பதால் பிப்ரவரி இறுதியில் கடலூரிலேயே மனுவைக் கொடுத்தோம். பாதுகாவலர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம், 1890இன் 9ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தையே குறிப்பிடுகிறது. என் மகள் வசிப்பது புதுச்சேரியில். மனு வழக்கு எண் தரப்படாமல் திருப்பப்பட்டது. திருப்பப்பட்ட செய்தியே ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு மே மாதக் கோடை விடுமுறை வந்தது. புதுச்சேரியில் மனுவைக் கொடுத்தபோது ஜூன் பிறந்துவிட்டது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கிடையே விவாகரத்து வழக்கோ சேர்ந்து வாழக் கோரும் வழக்கோ ஏற்கெனவே கடலூரில் நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டம், 1955இன் 26ஆம் பிரிவின் கீழ் அதே வழக்கில் இடைக்கால மனு போடலாம். புதிய வழக்கைத் தொடங்குவதைவிட இது விரைவானது. வழக்கு எதுவும் இல்லையென்றால் குழந்தை இருக்கும் ஊருக்கே போங்கள். புதுச்சேரியில் குடும்ப நீதிமன்றம் கடலூர் சாலையில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் உங்கள் முன்னோர் தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' வழியினராக இருந்தால், இந்து திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் உங்களுக்குப் பொருந்தா. இதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவறான சட்டப் பிரிவின் கீழ் மனு எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு அதையே முதல் ஆட்சேபணையாக எழுப்பும்.

4. எந்தப் பிரிவின் கீழ் கேட்பது

தடுப்பூசிக்காகக் குழந்தையின் பொறுப்பு முழுவதையும் கேட்டு வழக்குப் போடத் தேவையில்லை. மேலே சொன்ன 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒரு குழந்தைக்குப் பாதுகாவலர்கள் ஒருவருக்கு மேல் இருந்து, அதன் நலன் பற்றிய ஒரு கேள்வியில் அவர்கள் ஒத்துப்போக முடியாதபோது, அவர்களில் எவரும் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைக் கேட்கலாம் என்கிறது. நம்முடைய பிரச்சினைக்கு இதைவிட நேராகப் பொருந்தும் சட்ட வரி இல்லை என்பது என் எண்ணம். என் இரண்டாவது வழக்கறிஞர் இதை எடுத்துக்காட்டிய பிறகுதான் மனு உருப்பட்டது. பாதுகாவலரின் கடமைகளில் குழந்தையின் உடல்நலமும் அடங்கும் என்னும் 24ஆம் பிரிவையும், இடைக்கால உத்தரவுக்கான 12ஆம் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தந்தையர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதலிலும் தாயை அடுத்தும் இயற்கைப் பாதுகாவலராகச் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, 'சட்டப்படி முடிவு என்னுடையது' என்று மனுவில் எழுதாதீர்கள். தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. உரிமை பேசும் மனுவை நீதிபதி ஒரு மாதிரியும் நலன் பேசும் மனுவை வேறு மாதிரியும் படிக்கிறார் என்பதை நான் நேரில் உணர்ந்தேன்.

5. ஆவணங்கள்

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ் அல்லது அழைப்பிதழும் படமும், இருவரின் ஆதார் நகல்கள், குழந்தை எங்கே வசிக்கிறது என்பதைக் காட்டும் ஏதாவதொரு தாள் (குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, அங்கன்வாடிப் பதிவு) ஆகியவை அடிப்படை. இவற்றைத் திரட்டுவதில் சிக்கல் அதிகமில்லை.

சிக்கல் தடுப்பூசி அட்டையில்தான். தாய் சேய் நல அட்டை பெரும்பாலும் குழந்தையை வைத்திருப்பவரிடம் இருக்கும். என்னிடம் நகல்கூட இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையென்றால், கர்ப்பகாலப் பதிவின்போது தாய்க்குக் கொடுத்த பிக்மி (PICME) எண்ணைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ போட்ட தவணைகளின் விவரத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் அன்று போனால் உரியவரைப் பார்ப்பது எளிது; ஆனால் கூட்டம் குறைந்த பிற்பகலில் போங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் பதிவு இருந்தால் அதன் அச்சுப்படியும் உதவும். எதுவுமே கிடைக்காவிட்டால், அட்டையைத் தாக்கல் செய்யுமாறு எதிர்மனுதாரருக்கு உத்தரவிடக் கேட்டுத் தனியே ஒரு சிறு மனு போட வேண்டும். அதை மூல மனுவோடு அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அடுத்து மருத்துவரின் கடிதம். 'தடுப்பூசி நல்லது' என்று பொதுவாக எழுதிய கடிதம் பயன்படாது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, போடப்பட்டவை, விட்டுப்போனவை, இந்த வயதில் இன்னும் போடக்கூடியவை, எதற்கு எந்தத் தேதி கடைசி என்பவை அதில் இருக்க வேண்டும். குழந்தையைப் பார்க்காமல் 'போடலாம்' என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார், எழுதவும் கூடாது. எனவே கடிதம் அட்டவணையைச் சொன்னால் போதும். குழந்தையை அரசு மருத்துவர் பரிசோதித்து அறிக்கை தர நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்று மனுவில் கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984இன் 12ஆம் பிரிவு மருத்துவ வல்லுநரின் உதவியைப் பெற நீதிமன்றத்துக்கு வழி தருகிறது. அரசு மருத்துவரின் கருத்தை எதிர்த்தரப்பும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் நீங்கள் பணம் கொடுத்து அமர்த்தியவர் அல்லர்.

வாட்ஸ்ஆப் உரையாடல்களில் மறுப்பு பதிவாகியிருந்தால், தேதியும் எண்ணும் தெரியும்படி அச்செடுங்கள், உரையாடலை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியம், 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் சான்று விதிகளில் நெகிழ்வு காட்டக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், அதை நம்பிச் சான்றிதழை விட்டுவிட வேண்டாம்.

6. கோரிக்கையைச் சுருக்கமாகவும் குறிப்பாகவும் எழுதுங்கள்

என் முதல் மனுவில் பன்னிரண்டு பக்கம் இருந்தது. அதில் எட்டுப் பக்கம் எங்கள் மணவாழ்க்கையின் குறைகள். இரண்டாவது மனுவில் நான்கே பக்கம்: எந்தத் தவணை, எந்த அரசு மருத்துவமனையில், எத்தனை நாளுக்குள், குழந்தையை யார் அழைத்துச் செல்வது, மற்றவர் உடனிருக்கலாமா, அட்டை யாரிடம் இருக்கும், அடுத்த தவணையைப் பற்றி எப்படித் தெரிவித்துக்கொள்வது. ஜீவனாம்சம், பார்வை நேரம் (பிரிந்திருப்பவர் குழந்தையோடு இருக்கும் நேரம்), நகை ஆகியவற்றை இந்த மனுவுக்குள் கொண்டுவரவே கூடாது. கொண்டுவந்தால் அவற்றுக்கான வாய்தாக்களில் ஊசியின் தேதி போய்விடும்.

அரசு அட்டவணையில் உள்ளவற்றை ஒரு கோரிக்கையாகவும், தனியார் மருத்துவர் கூடுதலாகப் பரிந்துரைக்கும் சின்னம்மை, டைபாய்டு, ஃப்ளூ போன்றவற்றை வேறொரு கோரிக்கையாகவும் பிரித்து எழுதுங்கள். முதலாவதில் வாதிட அதிகம் இல்லை. இரண்டாவதில் செலவும் தேவையும் பற்றிய கேள்விகள் எழும். இரண்டையும் கலந்தால் கேள்விகள் எல்லாவற்றின் மீதும் படியும். நான் இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

7. தாக்கலும் செலவும்

இத்தகைய மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் சிறிது. எனக்குப் புதுச்சேரியில் வழக்கறிஞர் கட்டணம் இரண்டு தவணையாக 25,000 ரூபாய் ஆனது. தட்டச்சு, நகல், நோட்டரி, சம்மன் அனுப்பும் பேட்டா எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. கடலூரில் வீணான மனுவுக்குத் தனியே 12,000 ரூபாய் போயிற்று. ஊசிக்கோ, அரசு மருத்துவமனையில் போட்டதால், ஒரு காசும் செலவில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆண்களுக்குப் பெரும்பாலும் வருமான வரம்பு பார்ப்பார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கக்கூடியதன்று. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வழக்கமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் நீதிபதி உங்களிடமே நேரில் கேட்பார் என்பதால் தேதிகளை மனப்பாடமாக வைத்திருங்கள்.

தாக்கல் செய்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை மனுவுக்கு எண் விழுந்துவிட்டதா என்று கேளுங்கள். எண் விழுந்ததும் வழக்கை அடையாளம் காட்டும் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். குமாஸ்தா சொல்லுவார் என்று இருந்துவிட்டதால்தான் என் முதல் மனு ஒரு மாதம் கட்டுக்குள் கிடந்தது. எதிர்மனுதாரரின் முகவரியில் வீட்டு எண்ணும் குறுக்குத் தெருவும் சரியாக இருக்கட்டும். சம்மன் திரும்பி வந்தால் மேலும் ஒரு வாய்தா வீண்.

8. ஆலோசகரின் அறை

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. ஆகவே முதல் வாய்தாவுக்குப் பிறகு உங்களை ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். இதைத் தாமதம் என்று எண்ணி வெறுப்போடு போனேன். எங்கள் வழக்கில் பாதி அங்கேதான் முடிந்தது. என் மனைவி ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி போட்ட இரவில் தனியாக இருக்க அஞ்சினார். பரிசோதனை நடக்கட்டும், ஊசி போட்ட பிறகு மருத்துவமனையில் அரை மணி நேரம் காத்திருக்கலாம், அந்த இரண்டு நாளும் நான் புதுச்சேரியிலேயே அழைத்தால் வரும் தொலைவில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். ஒப்புக்கொண்டதை அன்றைக்கே எழுத்தில் வாங்கி நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் வீட்டுக்குப் போனதும் மாறிவிடக்கூடும்.

9. விசாரணையில் எழும் வாதங்கள்

எதிர்த்தரப்பு 2022 மே மாதத்தில் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று அது சொன்னது கோவிட் தடுப்பூசியை முன்னிட்டு, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே. இங்கே கட்டாயப்படுத்தும் அரசு இல்லை. பெற்றோர் இருவருக்கும் சம உரிமை இருந்து, இருவரும் வேறு வேறு சொல்லும்போது குழந்தைக்கு எது நன்மை என்பதே கேள்வி. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றதும் இதே போலத்தான். பெற்றோரே பிளவுபட்டு நிற்கும்போது யாருடைய சம்மதம் என்பதை அது தீர்க்கவில்லை. இதை உங்கள் வழக்கறிஞர் இரண்டு வரியில் சொன்னால் போதும். தடுப்பூசி அறிவியலைப் பற்றி நீங்கள் நீண்ட உரை ஆற்ற வேண்டாம்; மருத்துவ அறிக்கை அதைச் செய்யும்.

இந்தக் காலத்தில் ஒரு பெரிய கண்ணி உண்டு. பார்வை நேரத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் மற்றவருக்குத் தெரியாமல் ஊசி போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். அட்டையில் ஏறாத ஊசி மறுபடியும் போடப்படலாம். இரவில் காய்ச்சல் வந்தால் குழந்தையை வைத்திருப்பவருக்குக் காரணம் தெரியாது. நீதிபதிக்குத் தெரிந்தால் பார்வை நேரமே கையை விட்டுப் போகும்.

10. உத்தரவு வந்த பிறகு

உத்தரவில் தேதி, இடம், அழைத்துச் செல்பவர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். 'உரிய காலத்தில் போட வேண்டும்' என்று மட்டும் இருந்தால் அன்றைக்கே திருத்தம் கேளுங்கள். சான்றிட்ட நகலுக்கு உடனே நகல் மனு போட்டு, கிடைத்ததும் மருத்துவமனைக்கு ஒன்றும், ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலில் எதிர்மனுதாரருக்கு ஒன்றும் கொடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இடைக்கால உத்தரவுக்குக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மேல்முறையீட்டைத் தரவில்லை; சீராய்வு மனு வரக்கூடும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சென்னையே. எதிர்த்தரப்பு சம்மதமின்றி வந்த உத்தரவானால், உங்களைக் கேளாமல் தடை கொடுக்கப்படாதிருக்க, உயர் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டுவையுங்கள். அது 90 நாள் செல்லும்.

ஊசி போட்ட அன்று அட்டையின் பக்கத்தை இருவரும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி, செவிலியரின் கையொப்பம் தெரிய வேண்டும். அந்தப் படத்தை இணைத்து, உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று நீதிமன்றத்தில் ஒரு குறிப்பு தாக்கல் செய்யுங்கள். பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் போடும் தவணைகளுக்குப் பிறகு, அடுத்தது ஐந்து வயதில்; அதற்கப்பால் பத்திலும் பதினாறிலும். எங்கள் உத்தரவில் இந்த மூன்று வயதுகளும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதன் நகலைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். மற்றொரு நகல் என் மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.